வர்றேன் சார்

என் தொழிலுக்கு ஒரு வாசகம் இருந்தது. 'ஆள் இங்கேயே இருப்பார், வேலை மட்டும் வெளிநாடு போகும்.' மைசூர் குவெம்புநகரில் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகைக்குப் பிடித்த அறையின் கதவில் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு, இங்கே அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை செய்ய ஆள் தேடிக் கொடுப்பதுதான் தொழில். சொந்தக்காரர்கள் என்னைப் பிள்ளை பிடிப்பவள் என்று கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாசகம் வியாபாரத்துக்காக எழுதியதில்லை. கோபத்தில் எழுதியது. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே போய்ச் சேர்ந்தவர். அவருடைய காரியங்களை அண்ணன் அமெரிக்காவிலிருந்து போனில் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கை வலித்து மாற்றிப் பிடித்தால், "கொஞ்சம் அப்பா முகத்துப் பக்கம் காட்டு" என்பான். அவனைத் திட்டவும் முடியவில்லை, அவனும் அங்கே அழுதுகொண்டுதான் இருந்தான். கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலைக்கு ஆளே எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று அன்று தோன்றியது. நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்து என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் எடுக்கும் பிரிவில்தான் இருந்தேன். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் வேலை கிடைத்தது ஒரு கொள்ளேகால் பெண்ணுக்கு. பி.காம் படித்தவள், மெல்லிய குரல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கூட அவள் அப்பாவும் வந்திருந்தார். கொள்ளேகாலில் உரக்கடை வைத்திருப்பவர். பெண் பள்ளிக்கூடம் போகும்போதே மனைவி தவறிவிட்டார். வீட்டில் இவர்கள் இருவர்தான். அவருக்குச் சம்பளம், நேரம் எதைப் பற்றியும் கேள்வி இல்லை.

"ஏனுங்க மேடம், இப்ப வூட்ல இருந்து செய்யுன்னுட்டு, அப்பறம் அங்க வா இங்க வான்னு புள்ளையக் கூப்பிட மாட்டாங்களே?"

நான் கதவைக் காட்டினேன். "அதுக்குத்தாங்க இந்த ஆபீஸே வச்சிருக்கேன். உங்க பொண்ணு உங்க வீட்லதான் இருப்பா."

அவர் எழுந்து போய் வாசகத்தை முதலில் தமிழில் படித்தார். பிறகு கன்னடத்திலும் படித்தார். இரண்டும் ஒன்றுதான் சொல்கிறதா என்று பார்த்தார் போல. அப்புறம்தான் டீயை எடுத்துக் குடித்தார்.

அவளுக்குக் கிடைத்தது ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய ஊரில் இருந்த பல் ஆஸ்பத்திரி. நோயாளிகளுக்குப் போன் செய்து நேரம் கொடுப்பது, இன்சூரன்ஸ் பில் அனுப்புவது எல்லாம் அவள் வேலை. அங்கே பொழுது நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுவதால், இங்கே இருட்டோடு உட்கார்ந்து மதியம் முடிப்பாள். அப்பா அவளுக்கு முன்னால் எழுந்து பால் காய்ச்சி வைப்பாராம். மாரியம்மன் திருவிழா வந்தபோது கோயில்காரர்களிடம் போய்க் கெஞ்சி, கூம்பு ஸ்பீக்கரை வீட்டுப் பக்கமிருந்து வயல் பக்கமாகத் திருப்ப வைத்திருக்கிறார். "அம்மன்கிட்டயும் சொல்லிட்டனுங்க, புள்ள வேல செய்யுது, கோவிச்சுக்காதேன்னு" என்று என்னிடம் போனில் சொன்னார்.

வேலைக்கு அனுப்புமுன் அவள் ஆங்கிலத்தை நான் நன்றாகவே தட்டிச் சரி செய்தேன். நம்மூர் ஆங்கிலத்தில் வெள்ளைக்காரருக்குப் புரியாதது எதுவென்று எனக்கு அத்துப்படி என்று ஒரு கர்வம் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் என் பிடியில் சிக்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் அவள் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு வரி அனுப்புவாள். 'ஐ வில் கம், சார்.' அதன் நகலை நானும் பார்ப்பேன். என் காதில் அது 'வர்றேன் சார்' என்றுதான் விழுந்தது. நம்மில் யார்தான் கிளம்பும்போது 'போறேன்' என்போம்? கன்னடக்காரர்களும் 'பர்த்தீனி' என்றுதான் சொல்வார்கள். இந்த ஊரில் எந்தப் பாஷையிலும் யாரும் போவதே இல்லை, எல்லோரும் வருகிறவர்கள்தான். அதனால் அதில் தப்பு இருப்பதாகவே எனக்குப் படவில்லை.

டாக்டரும் ஒவ்வொரு நாளும் பதில் எழுதினார். 'கட்டாயம் வாம்மா, காத்திருக்கிறோம்' என்பது போல ஏதாவது ஒரு வரி. தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அவர் என்னை வீடியோவில் கூப்பிட்டார். வயதானவர், முகமெல்லாம் சிரிப்பு. ஒரு நல்ல செய்தி என்றார். அந்தப் பெண் இங்கே வர வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எங்களுக்கு மனசு கேட்கவில்லை, வக்கீலிடம் பேசிவிட்டோம், விசா நாங்களே ஏற்பாடு செய்கிறோம், ஆஸ்பத்திரியிலேயே வேலை, என் மனைவி மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள் என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வோம், அதற்கு அர்த்தம் வருகிறேன் என்பதில்லை, போகிறேன் என்பதுதான் என்று விளக்கினேன். அவர் முகம் வாடியது. "இருந்தாலும் அவளை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்றார்.

கேட்டேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஏம்மா, நீ வர்றேன் வர்றேன்னு சொன்னதை அவர் நிஜம்னு நெனச்சிட்டாராம். சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு சொல்லிட்டேன்."

போனில் அவள் சிரிக்கவில்லை.

"மொதல்ல பேச்சுக்குத்தான் மேடம் சொன்னேன்" என்றாள். "அவரு தெனமும் வா வான்னு எழுதுனாரு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு எனக்குக் கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிருச்சு. சொல்லீரலாம்னு பாத்தேன். சொன்னா அப்பறம் அப்பிடி எழுத மாட்டாரேன்னு இருந்துச்சு. இந்த ஊர்ல என்னைய இரு, இருன்னுதான் எல்லாரும் சொல்லீருக்காங்க மேடம். வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அவளுக்காக ஒரு பக்கம் சந்தோஷம், அவள் அப்பாவுக்குக் கதவைக் காட்டிச் சொன்ன வாக்கு ஒரு பக்கம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவள் பால் குடிக்கிற பிள்ளையா? ஆனாலும் சொல்லத்தான் வாய் துடித்தது.

இரண்டு நாளில் அவள் அப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். சட்டையில் உர வாடை. உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றார்.

"ஆளு இங்கயே இருக்கும்னு எழுதியிருக்கீங்களேங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"நான் யாரையும் அனுப்பலைங்க. வார்த்தையில ஒரு குழப்பம், அவ்வளவுதான். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவ இருந்துருவா."

"இருக்குமுங்க. நாஞ் சொன்னா இருக்கும்." தலையை ஆட்டினார். "அப்பறம் தெனமும் அது மூஞ்சிய நான் பாக்கோணுமே. போயிட்டு வரட்டுமுங்க."

போயிட்டு வரட்டும் என்று அவர் சொன்னபோது 'வரட்டும்' மட்டும்தான் அவர் காதில் இருந்தது. எனக்குத் தெரியும், என் அப்பாவும் அண்ணனை அனுப்பும்போது அப்படித்தான் சொன்னார்.

அவள் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் காரை பேக்கரி வாசலில் நிறுத்தி மேலே வந்தார்கள். அவளுக்குப் புது ஸ்வெட்டர், மைசூர் வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டு "வர்றேன் மேடம்" என்றாள். அப்பா படியில் நின்று பெட்டியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு வாசகத்தைக் கிழித்துவிடலாம் என்று கதவருகே போனேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பாதிதான் வந்தது, கன்னடப் பாதி இன்னும் இருக்கிறது.

தொழில் நடக்கிறது. இன்னும் பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, வேலை முடிந்ததும் 'பை' சொல்லு என்பதுதான்.

அவள் அப்பா கடைக்குச் சரக்கு எடுக்க மைசூருக்கு வரும்போதெல்லாம் மாடி ஏறி வருவார். என் மேல் வருத்தமில்லை என்று காட்டுவதற்கு வருகிறாரா, பெண்ணைப் பற்றிப் பேச வேறு ஆள் இல்லாமல் வருகிறாரா, நான் கேட்டதில்லை. சில மாதங்களுக்கு முன் வந்தபோது டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு நல்லா இருக்காளா?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. தெனமும் போன் பண்ணுது. டாக்டரு வூட்டம்மா சோறு வடிக்கக்கூடப் பழகீட்டாங்களாம்." டீ டம்ளரைக் கையில் உருட்டினார். "ஆனா ஒண்ணுங்க மேடம். வூட்ல இருந்தப்ப தெருமுனைக் கடைக்குப் போனாலும் வர்றேன்ப்பான்னுட்டுத்தான் போகும். இப்பப் பேசி முடிக்கறப்ப வச்சிர்றேன்ப்பாங்குது."

"போன்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவோம்" என்றேன். "நானும் அப்படித்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க" என்றார். "நானும் அதுக்கு, சரி சாமி, வச்சிருன்னுதான் சொல்றேன். சொல்லிட்டு, அது வைக்கற வரைக்கும் காதுலயே வச்சுட்டு இருப்பனுங்க. ஒருக்கா வாய் தவறியாச்சும் சொல்லீராதான்னு."