சவுக்கு மரத்தில் கட்டிய வலை

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது கடலல்ல, சவுக்குக் காடு. மரத்துக்கு மரம் நைலான் வலை சுற்றியிருக்கிறது. காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"காயறதுக்கா? இன்னாண்ணா நீ! கெவர்மென்ட்டு காட்டையே வெட்டறதுக்கு ஏலம் வுட்டுட்டாங்க. இந்த மரம் இல்லன்னா கடக்காத்துல மண்ணு வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும். மனு குடுத்தோம், ஒருத்தனும் கேக்கல. அதான் வலையக் கட்டிட்டோம்."

வலை எப்படி மரத்தைக் காப்பாற்றும்?

"வெட்ட வர்றவங்களும் நம்ம கடக்கர ஆளுங்கதான். கடல்ல ரெண்டு வலை சிக்கிக்கினாகூட அடுத்தவன் வலையில கத்தி வெக்கமாட்டோம். உக்காந்து பிரிப்போம். வந்தவங்க பாத்துட்டு ரம்பத்தத் தூக்கிக்கினு போய்ட்டாங்க."

தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை, எல்லாம் புழக்கத்தில் இருக்கும் வலைகள்.

"அப்போ தொழிலுக்கு?"

"போவல. வலை இங்கதான இருக்குது."

காட்டின் ஓரத்தில் விழுந்து கிடக்கும் ஒற்றை மரத்தைக் காட்டுகிறாள். ரம்பம் வலையோடு சேர்த்தே அறுத்திருக்கிறது. அறுந்த நூல்கள் அடிமரத்தைச் சுற்றித் தொங்குகின்றன.

"யார் வலை இது?"

"எங்க வூட்டுக்காரும் கொழுந்தனும் கூட்டா வாங்கினது."

"அறுத்தது?"

"கொழுந்தன்தான். வெட்டுக் கூலிக்குப் போறான். கேட்டா, 'அடுத்தவன் வலையிலயா கத்தி வெச்சேன், என் பங்கதான அறுத்தேன்'னு சொல்றான்."