கலியாண வலையில் ஒரு டூட்டூ

ஒரே வெள்ளை வலைத்துணி தலையில் கிடந்தால் பரிசுத்தம், இடுப்பில் கட்டினால் வெட்கக்கேடு என்று உங்களுக்கு யார் சொன்னது? சொன்னவரிடம் காரணம் கேட்டீர்களா? கிருபாமலர் கேட்டாள்.

அவள் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரி. எண்பத்தைந்தில் கணவன் அன்புராஜாவோடும் மகள் ஜெனிற்றாவோடும் டென்மார்க்கில் வந்து இறங்கியபோது, பெட்டியில் மாற்று உடுப்புகளுக்கு அடியில் தன் கலியாண வலையையும் மடித்து வைத்திருந்தாள். தலையிலிருந்து நிலம்வரை விழுந்து பின்னால் இழுபடும் நீள வலை அது. ஊரில் அந்தக் கலியாணத்தை நடத்திவைத்த போதகர் கிறிஸ்துநாயகமும் பிறகு அகதியாக வந்து சேர்ந்தார். கோபன்ஹேகனுக்கு அருகே இஷொய்யில் அவள் குடியிருந்த அடுக்குமாடிகளின் பொது மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்தினார். அவரிடம் ஒரு வான் வண்டி இருந்தது. புரொண்பியில் இருந்த தொழிற்சாலைக்கு அன்புராஜாவும் வேறு நாலைந்து பேரும் அதில்தான் போய்வந்தார்கள். ஆகவே அவர் சொல்லுக்கு வேதத்தின் பலமும் இருந்தது, பெற்றோலின் பலமும் இருந்தது.

அதே மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் கிர்ஸ்டன் என்ற பெண் பிள்ளைகளுக்கு பாலே பழக்கினாள். எட்டு வயது ஜெனிற்றா கதவிடுக்கில் நின்று பார்த்துப் பார்த்தே உள்ளே போய்விட்டாள். அடுத்த வசந்தத்தில் ஊர் மக்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைப்பதென்றும், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தைத்த வெள்ளை டூட்டூவோடு வரவேண்டும் என்றும் கிர்ஸ்டன் சொன்னாள். வலையை அடுக்கடுக்காகச் சுருக்கி இடுப்பில் தைத்த பாவாடைதான் டூட்டூ. மாதிரிக்காகச் சுவரில் பழைய படங்களை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

அந்தப் படங்களைக் கிருபாமலர் நின்று பார்த்தாள். டூட்டூவின் வரலாறு முழுக்கக் கத்தரிக்கோலின் வரலாறு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அது கெண்டைக்கால்வரை மணிபோலத் தொங்கியது. பெண்கள் விரல்நுனியில் நின்று சுழலத் தேர்ச்சி பெறப் பெற, பாதம் செய்கிற வேலை துணிக்குள் மறைந்தது. அதனால் துணி மேலேறியது. முதலில் முழங்கால்வரை ஏறியது. கடைசியில் இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல நீட்டி நின்றது. கோபன்ஹேகன் மேடை மட்டும் பழைய மணிப்பாவாடைமேல் இன்னும் ஆசை விடவில்லை. வாயுவிளக்குக் காலத்தில் அந்த வலையில் தீப்பற்றி ஆடற்பெண்கள் செத்தார்கள். அந்தத் தீயைப் பாவம் என்று எவராவது பிரசங்கித்தார்களா? தேடிப் பாருங்கள்.

செய்தி போதகரின் காதுக்குப் போனது. ஜெபம் முடிந்து பிளேன்ரீ குடிக்கும்போது கிருபாமலரைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பொம்பிளைப்பிள்ளையைக் காலைக் காட்டி ஆடவிடப் போறியளாம்?"

"தடிச்ச வெள்ளைக் காலுறை போட்டுத்தான் ஆடுவினம் ஐயா. என்ர சட்டைக்குள்ளால குளிர் போகும். அதுக்குள்ளால போகாது."

ஜெபத்துக்கு வந்து பக்கத்தில் நின்ற லூர்தம்மாவுக்கு, சிரிப்பை அடக்கத் தேநீரை விழுங்கியதில் புரைக்கேறியது. போதகர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்புராஜா கெஞ்சினான்.

"மலர், அந்தாளைப் பகைக்காதையும். கரண்டைக்கால்வரை நீளமாத் தையுமன். பிள்ளையும் ஆடும், அவருக்கும் வாய் அடையும்."

அவள் விட்டுக்கொடுத்தாள். கடையில் வலை வாங்கக் கையில் காசு மிச்சமில்லை. கலியாண வலையை எடுத்து மடித்து மடித்துத் தைத்தாள். வலை துவண்டு கிடந்தது. சீலைக்குச் செய்கிற மாதிரியே சோறு வடித்த கஞ்சியில் முக்கிப் பல்கனியில் காயவிட்டாள். பழைய காலத்துத் தையல்காரிகளும் மாப்பசையால்தான் டூட்டூவை விறைக்கவைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் யாரும் கரண்டைக்கால்வரை விறைக்கவைத்து ஒரு பிள்ளையை அதற்குள் இறக்கிவிட்டதில்லை. காய்ந்தபோது அது தகரமணிபோலத் தரையில் தானே நின்றது.

ஒத்திகையில் ஜெனிற்றா கால் தூக்கினாள். மணி தூக்க விடவில்லை. இன்னொருதரம் தூக்கியபோது விளிம்பை மிதித்து முகங்குப்புற விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கிர்ஸ்டன் ஓடிவந்து தூக்கிவிட்டு, இப்படியென்றால் பின்வரிசையில் ஆடாமல் நிற்கத்தான் விடலாம் என்று வருத்தத்தோடு சொன்னாள்.

வீட்டுப் படியேறும்போது ஜெனிற்றா கேட்டாள். "அம்மா, நான் என்ன பிழை செய்தனான்?"

ஒரு பிழையும் செய்யாத பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்கு மேல் கிருபாமலருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. குசினியில் சமையல் மேசைமேல் பாவாடையை விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்நேரம் அன்புராஜாவை வானில் கொண்டுவந்து இறக்கிய போதகர் அவனோடு மேலே வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

"என்ன செய்யிறியள் தங்கச்சி?"

"வெட்டப்போறன் ஐயா. முழங்காலுக்கு மேல."

"நான் சொன்னதுக்குப் பிறகுமோ?"

"இந்த நெற்றை, இந்த வலையைத் தெரியேல்லையோ? என்ர கலியாண நெற். நீங்கள்தான் ஜெபிச்சு என்ர தலையில போட்டனீங்கள். அண்டைக்குப் பரிசுத்தம் எண்டனீங்கள். நெற் மாறேல்லை, நீங்களும் மாறேல்லை. தலையிலயிருந்து இடுப்புக்கு இறங்கிறதுக்குள்ள எந்த இடத்தில பாவம் வந்து ஏறினது? இடத்தைக் காட்டுங்கோ. அதிலேயே வெட்டிறன்."

போதகர் அவளைப் பார்க்காமல் அன்புராஜாவைப் பார்த்தார். "தம்பி, நாளையில இருந்து வானில இடம் காணாது."

அன்புராஜா வாசலில் நின்றான். கைகட்டித்தான் நின்றான். பிறகு கையை அவிழ்த்து மேசைக்கு வந்து பாவாடையின் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்தான்.

"நேரா வெட்டும். கோணினால் டேனிஷ்காரியள் சிரிப்பினம்."

போதகர் படியிறங்கும் சத்தம் கேட்டது. கஞ்சி காய்ந்த வலை கத்தரிக்கோலுக்குள் அப்பளம்போல நொறுநொறுத்தது. வெட்டி முடித்தபோது, பாரம் இழந்த அடுக்குகள் தாமாகவே விரிந்து நீட்டி நின்றன. ஜெனிற்றா கட்டிப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் கண்ட அதே தட்டு. மிச்சத் துண்டைக் கிருபாமலர் தலையில் போட்டுக் கணவனைப் பார்த்தாள். "இதில ஏதும் பாவம் மிச்சம் இருக்கோ?" அவன் சிரித்துவிட்டான்.

அடுத்த நாளே அவன் ஒரு பழைய சைக்கிள் தேடிப் பிடித்தான். மாசி மாதக் காற்றில் புரொண்பிவரை மிதித்தான். முதல் கிழமை முழுக்கத் தொடைவலியில் முனகினான். வானில் போனவர்கள் கையசைக்காமல் போனார்கள்.

நிகழ்ச்சியன்று ஜெனிற்றா முன்வரிசையில் ஆடினாள். அவள் பாதங்கள் செய்த ஒவ்வொன்றையும் கடைசி வரிசை வாங்கிலிருந்தும் பார்க்க முடிந்தது. வேர்த்தபோது அவளிடமிருந்து இலேசாகச் சோற்றுக்கஞ்சி மணந்தது. கதவோரம் முக்காடு போட்டு லூர்தம்மா நின்றாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள். "கிருபா," என்று மெல்லக் கேட்டாள், "உன்ர கத்தரிக்கோலை ஒருக்காத் தருவியே?"

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலும் இப்படியொரு வலை மடித்துக் கிடக்கும். அதைப் பூச்சி தின்ன விடாதீர்கள். வெளியே எடுங்கள். உங்கள் பிள்ளையின் பாதம் தெரியும் அளவுக்கு வெட்டுங்கள். யாராவது தடுக்க வந்தால், பாவம் ஏறிய இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.