கண்ணில் படாத படகு

லீட்டா கேஸ்கில் தன் கணவனுடைய படகை உடைக்கிறாள் என்ற செய்தி காலைச் சாப்பாட்டுக்குள் கடற்கழியோரம் முழுக்கப் பரவிவிட்டது. கோபத்தில் உடைக்கிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுப் படகுத் தச்சர் எல்வுட் ரட்டர் காபிக் கோப்பையும் கையுமாக வேலியோரம் வந்து பார்த்தபோது, அவள் ஒவ்வொரு பலகையாக ஆணி நெம்பி எடுத்து, கரியால் குறி போட்டுப் புல்தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன லீட்டா, ஆரினோட பெட்டியை விறகாக்குறியா?"

"புதுசு ஒண்ணு கட்டப்போறேன். பழசு எப்படிச் சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சாதானே கட்ட முடியும்?"

"இன்னும் ஆரினுக்குத்தானா?"

"உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து எம்மேல எரிஞ்சு விழுந்துக்கிட்டிருக்கானே, அவனுக்குத்தான்."

பார்னகாட் கழியில் வாத்து வேட்டைப் படகைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். கவிழ்த்துவைத்த கரண்டி போல முதுகு வளைந்த சிறிய படகு அது. ஒரு ஆள், ஒரு துப்பாக்கி, பறக்கிற வாத்தை ஏமாற்றி இறக்க ஒரு மூட்டை மரப் பொய் வாத்து, அவ்வளவுதான் கொள்ளும். மேல்தளத்தின் நடுவே குறுகலான ஒரு வாய், அதைச் சாத்த ஒரு பலகை மூடி. அதற்குள் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, கால்களை முன்பக்கம் மேல்தளத்துக்கு அடியில் நுழைத்து, மல்லாந்து படுத்துவிட வேண்டும். மேலே உப்புப்புல்லைப் பரப்பிக்கொண்டால் சதுப்பில் அதுவும் ஒரு மேடு. வாத்து இறங்கும்வரை அந்த மேடு இருமக்கூடாது.

முந்தின ஆண்டு வசந்தத்தில், சிப்பி ஏற்றிய படகுக்கும் துறை மரத்துக்கும் நடுவே ஆரினுடைய வலது கால் நசுங்கியது. எலும்பு சேர்ந்தது, முட்டி மடங்கவில்லை. மடங்காத காலை அந்த வாய்க்குள் எப்படித் திருப்பினாலும் பாதித் தொடையோடு நின்றுவிடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தச் சத்தம் யாருடைய துப்பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினான். லீட்டாவைப் பயமுறுத்தியது அந்த மௌனம்தான்.

வாயை நீளமாக வைத்து ஒரு பெட்டி கட்டித்தரச் சொல்லி எல்வுட்டிடம்தான் முதலில் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையைத்தான் சொன்னார்.

"வாய் நீண்டா மேல்தளத்துக்கு முதுகெலும்பே இருக்காது, லீட்டா. மேற்குக் காத்துல ஒரு அலை தூக்கிப் போட்டா நடுவுல மடங்கிடும். ஆரினைக் கொன்ன பழி எனக்கு வேண்டாம்."

லீட்டா வாதாடவில்லை. கழியோரத்தில் பாதிப் பேருடைய பொய் வாத்துகளுக்கு அவள்தான் வண்ணம் பூசுவாள். கருவாத்தின் கன்னத்துக் கோடு சரியாக வரவில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பவள். ஒரு வேலை வரவில்லை என்றால் அது எங்கே வரவில்லை என்று பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். உடைத்த படகிலும் அதைத்தான் பார்த்தாள். எந்தப் பலகை எங்கே வளைகிறது, எந்த ஆணி எதை இழுத்துப் பிடிக்கிறது, தண்ணீர் முதலில் எங்கே புகுந்திருக்கிறது. வாயின் நான்கு மூலைகளிலும் பழைய தச்சன் வைத்திருந்த முட்டுகள் வெறும் அறுத்த கட்டைகள். மர இழை அறுபட்ட வளைவில் எல்லாமே விரிசல் விட்டிருந்தன.

மறுநாள் கோடரியோடு தேவதாரு மரச் சதுப்புக்குப் போனாள். சேற்றில் இடுப்பளவு இறங்கி, மரமும் வேரும் முழங்கை போல மடங்குகிற இடமாகப் பார்த்து வெட்டி எடுத்தாள். இயற்கையாகவே வளைந்த வேருக்கு இழையும் கூடவே வளையும்; பிளக்காது. அப்படிப்பட்ட வேர் முட்டுகளை, வாயை நீட்டிக் கட்டிய புதுப் பெட்டியில் மூலைக்கு ஒன்றாகவும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாகவும் வைத்து, மேல்தளத்துக் குறுக்குக் கட்டைகளையும் நெருக்கிப் போட்டாள். எல்வுட் வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஏறி நின்றார். குதித்தும் பார்த்தார்.

"ம்" என்றார்.

"என்ன, ம்?"

"அடிக்கிற ஆணி நுனி மடங்க அந்தப் பக்கம் இரும்புக் கட்டி பிடிக்க ஆள் வேணுமில்ல? நாளைக்கு வர்றேன். காபி நல்லா இருக்கணும்."

வந்தார். வெளியே லீட்டா செப்பாணியை அடிப்பாள். உள்ளே குந்தி உட்கார்ந்து எல்வுட் இரும்பைப் பிடிப்பார். "உன் சுத்தியல் அடிக்கு என் பல்லெல்லாம் ஆடுது" என்பார். "ஆடுறது பல்லுன்னா கழட்டி வச்சிட்டு வாங்களேன்" என்பாள் அவள். கோடை முழுவதும் இந்தப் பேச்சு ஓடியது. இத்தனைக்கும் ஆரின் ஒரு தடவைகூட வெளியே வந்து பார்க்கவில்லை.

புல் பழுக்கத் தொடங்கிய ஒரு காலையில் அவனை வற்புறுத்தி வெளியே கொண்டுவந்தாள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: தண்ணீரில் விடுமுன் வேட்டைக்காரன் முழு உடுப்போடு பெட்டியில் படுத்துக் காட்டவேண்டும். கம்பளி உள்ளுடை, இரண்டு ஸ்வெட்டர், கேன்வாஸ் கோட்டு, தொடைவரை ரப்பர் பூட்ஸ். வெயிலில் வியர்த்துக் கொட்ட ஆரின் வாயோரம் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே விட்டான். கம்புபோல நீட்டிய கால் ஓர் இடிகூட இல்லாமல் உள்ளே போயிற்று.

அவன் மல்லாந்து படுத்தான். மூடியைச் சாத்தப் பார்த்தாள். மூடவில்லை. கோட்டு போட்ட மார்பு மேல்தளத்துக்கு மேலே இரண்டு விரல் எழும்பி நின்றது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜூலை மாதத்தில், சமையலறைத் தரையில் அவனைப் படுக்கவைத்துச் சாக்கட்டியால் அளவெடுத்தபோது அவன் பனியனோடு இருந்தான். கோட்டு போட்டுத்தான் அளவெடுக்கவேண்டும் என்பது கழியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நினைப்பெல்லாம் அந்தக் கால் மேலேயே இருந்துவிட்டது.

"தளத்தை உயர்த்திடு. வேற வழியில்ல" என்றார் எல்வுட்.

ஆரின் படுத்தபடியே சொன்னான்: "உயர்த்தினா, வானத்துல வர்ற கருவாத்து மொத்தமும் சிரிச்சுக்கிட்டே போகும். குளிக்கிற தொட்டியில படுத்துக்கிட்டு நான் கழிக்குப் போகமாட்டேன்."

"ஆரின்—"

"விடு லீட்டா. நீ செஞ்சதே பெரிசு. எனக்கு வாத்து வேண்டாம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனை உள்ளே அனுப்பிவிட்டு, அவன் கழற்றிப்போட்ட ஈரக் கோட்டைத் தான் மாட்டிக்கொண்டு பெட்டியில் படுத்தாள். எல்வுட் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் வெகுநேரம் அப்படியே கிடந்தாள். கண்ணுக்கு நேராக வானம் தெரிந்தது. மேலே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. முதுகு வலித்தது. அடிப்பலகைச் சட்டங்களும் அதற்குக் கீழே படகுக்கு விலா எலும்புபோல நின்ற தடித்த ஓக் வங்குகளும் முதுகில் குத்தின. குத்துகிற அந்த இடத்தைக் கையால் தடவினாள். தேடிய இரண்டு விரல் உயரம் அங்கேதான் இருந்தது.

மறுநாளே கட்டிய வேலையைப் பிரித்தாள். அவன் முதுகு படியும் இடத்து அடிச்சட்டங்களை எடுத்தாள். தடித்த வங்குகளை நீக்கி, பாதிக் கனத்தில் சீவி, ஆவியில் வேகவைத்து வளைத்து, ஒன்று இருந்த இடத்தில் இரண்டாக நெருக்கிப் போட்டாள். அவற்றுக்கு இடையே உலர்ந்த உப்புப்புல்லை மெத்தையாகத் திணித்தாள். வாயின் சுற்றுச் சட்டத்தை உள்பக்கமாக இழைத்து, தோளுக்கு இடம் விட்டாள். மேல்தளத்தை ஒரு மயிரிழைகூட உயர்த்தவில்லை. இரும்பு பிடிக்க எல்வுட் கூப்பிடாமலே வந்தார். இந்தத் தடவை காபியைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் முறை ஆரின் படுத்தபோது மூடி பூனை நடப்பதுபோல ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

"மூச்சு இருக்கா?" என்று லீட்டா தட்டினாள்.

"இரு. கொஞ்சம் படுத்துக்கிறேன்."

வேட்டைப் பருவம் திறக்கும் நாள், பனி உறைந்த விடியல். ஆரின் துடுப்புப் போட்டு ஓடை வாயைத் தாண்டிச் சதுப்பின் திருப்பத்தில் மறைந்தான். மேற்குக் காற்று எழும்பியிருந்தது; அலைகள் வெள்ளை நுரை கக்கின. லீட்டா துறையில் நின்று தொலைநோக்கியால் தேடினாள். எல்வுட் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"எங்க இருக்கான்?"

"அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம்னு நினைக்கிறேன்."

"குடு இங்க." அவர் வாங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. பெட்டி மடங்கித்தான் போச்சோ?"

அவள் தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டு புல்லை அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். பழுப்பு, இன்னும் பழுப்பு, நீர்க்கோடு, மறுபடி பழுப்பு. பெட்டிக்குத் தானே கலந்து பூசிய நிறம் அந்தப் பழுப்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. அப்போது வடக்கிலிருந்து கருவாத்துக் கூட்டம் ஒன்று தாழ வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. இறக்கையை விறைத்து, காலை நீட்டி, ஆளே இல்லாத ஒரு புல்மேட்டை நோக்கி நம்பிக்கையாக இறங்கியது.

புல்மேடு எழுந்து உட்கார்ந்தது. இரண்டு வெடிச் சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தது.

"ஆரினோட துப்பாக்கி" என்றாள் லீட்டா.

எல்வுட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வர்ற கோடையில எனக்கு ஒண்ணு கட்டணும். நீ வந்து இரும்பு பிடிப்பியா?"

"நான் ஆணி அடிக்கிறேன்" என்றாள் அவள். "இரும்பை நீங்க பிடிங்க."