பழசுக்குப் போட்ட பாலிஷ்

என் வீட்டுக்காரரை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பளிச்' என்றால்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. குப்பையில் போடப்போகிற ஜாம் பாட்டிலைக்கூடக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்து, நான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். பாவம், அப்போது எனக்கு விவரம் பத்தாது.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் பழைய காரின் முன்கண்ணாடி உள்பக்கம் மங்க ஆரம்பித்தது. எண்ணெய் தடவியதுபோல ஒரு படலம். லென்ஸ்காரர் விடுவாரா? தினமும் துடைத்தார். துணியை மாற்றினார். கடைசியில் பழியை என்மேல் போட்டார்.

"நீ வாய் மூடாம பேசிக்கிட்டே வர்றதுனாலதான் கண்ணாடி மங்குது."

சரி, பேசாமலும் வந்து பார்த்தேன். கண்ணாடி அப்போதும் மங்கியது. ஆனால் அன்றைக்குப் பயணம் ரொம்ப சுகமாக இருந்ததாம் அவருக்கு!

ஒருநாள் என் காலுறை நனைந்தது. காருக்குள் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு வாடை. தெருமுனை மெக்கானிக் தலையை உள்ளே நுழைத்து மோந்து பார்த்துவிட்டு, "ஹீட்டர் கோர் ஒழுகுதுங்க" என்றார். இஞ்சினிலிருந்து வரும் சூடான கூலன்ட் திரவம் அதற்குள் ஓடித்தான் காருக்குள் கதகதப்பு வருகிறது. குட்டி ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் முழுவதையும் பிரித்தால்தான் கைக்கு எட்டும். ரெண்டு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு ரெண்டு வாரம் கிடையாது. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். எத்தனையோ வருஷம் வீட்டிலேயே கிடந்தபின் கிடைத்த வேலை. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், விடிவதற்குள் போய் அடுப்பைப் பற்றவைக்கிற வேலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. "முதல் நாளே லேட்டா வந்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவோம்மா" என்று மேற்பார்வைக்காரம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் வேலை. நானே பண்றேன்" என்றார் இவர்.

பண்ணினார். புதுக் கோர் ஒன்றை வாங்கிவந்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் அதோடு பாதிக் காரும் இருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் வந்து கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் கை வெச்சா சும்மாவா! அண்ணி, நீங்க ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"சோத்துத் தட்டை வைக்க இடம் தேடுறேன், வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒவ்வொரு திருகையும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார். அதோடு விட்டாரா? கழற்றிய பழைய கோரையும் எடுத்துவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க, தூக்கிப் போடப்போறதுக்கு எதுக்கு இந்தச் சீராட்டு?"

"பழைய சாமான் கடைக்காரன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டோம். சூடான காற்று வந்தது. நாத்தனார் கைதட்டினாள். இவருக்கு வாயெல்லாம் பல். மிச்சமிருந்த கோரை அட்டைப்பெட்டியில் வைத்து, அதையும் ஒழுங்காக ஒட்டி, பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்று பின்சீட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை நான் ஓட்ட, தன் கைவரிசையை அனுபவிக்க இவரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதலில் எல்லாம் சுகம்தான். இஞ்சின் நன்றாகச் சூடேறியதும் வந்தது, அதே பாகு வாடை. கண்ணாடி மங்கியது. கால் நனைந்தது. சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால்தான் ஒழுக்கு தெரியும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

காரை ஓரங்கட்டினேன். இவர் பின்சீட்டுப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தது மங்கலான கோர். அதன் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டிய தடமே இல்லை. புத்தம் புதுசு. தொழிற்சாலையில் யாரும் அதற்குப் பாலிஷ் போடவில்லை. மேசைமேல் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது, பளபளவென்று இருந்ததைப் புதுசு என்று எடுத்து மாட்டியிருக்கிறார் என் புருஷன்!

கத்தவேண்டும் போலிருந்தது. கத்த நேரமில்லை. ஜன்னல்களை இறக்கினேன். பல் கிடுகிடுக்கும் குளிர். "துடைங்க" என்றேன். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். இவர் தன் சட்டைக்கையாலேயே வழி முழுக்கக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். சமையலறை விளக்கு எரிவதற்கு முன்பே வாசலில் போய் நிறுத்திவிட்டேன்.

இறங்கப்போகும்போது என் முந்தானையைப் பிடித்தார்.

"வேணும்னு பண்ணலம்மா."

"தெரியும். அந்த அளவுக்கு உங்களுக்குச் சாமர்த்தியம் கிடையாது."

அவர் சிரிக்கவில்லை.

"ஆனா அந்த வாடை வந்துச்சில்ல... அப்ப ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. இன்னிக்கு நீ போக முடியாது, வீட்டுக்கே திரும்பிடுவோம்னு."

ஒழுகுகிற காரைவிட, நனைந்த காலைவிட, அந்த ஒரு நிமிஷச் சந்தோஷம்தான் எனக்கு வலித்தது. அதை மறைக்காமல் என்னிடமே சொல்கிறாரே, இந்த மனிதரை என்ன செய்வது?

கார் சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"முதல் பஸ் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க. வேலை முடிஞ்சு வண்டியை நானே ஓட்டிக்கிட்டு வர்றேன், நாளைக்கும் எனக்கு வேணும். இப்ப நான் போய் அடுப்பு மூட்டணும்."