எந்தக் கொம்பை நம்புவது

மாங்கேணியில் இலட்சுமிப்பிள்ளையைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவளுடைய சுட்டியைத் தெரியாதவர்கள் இல்லை. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டியோடு பிறந்த எருமை அது, பெயரும் அதுவே. தெருவில் அது அசைந்து வந்தால் அவசரமாகப் போகிறவர்களும் சைக்கிளை ஓரங்கட்டி, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கோயில் தேரைப் பார்க்கிற பார்வை. வெளியூர்க்காரர் யாராவது கண்டால், ஒரு எருமையை இப்படி வாய் பார்க்கிறார்களே, இந்த ஊர்ச் சனத்துக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பார்கள்.

சண்டை முடிந்த அடுத்த வருசம், மாரி மழைக்கு முன்னால், பக்கத்து ஊர்ப் பட்டிகளில் தொண்டையடைப்பான் நோய் புகுந்தது. காலையில் பால் தந்த மாடு பின்னேரம் கால் நீட்டிக் கிடந்தது. தடுப்பூசி போட்டார்கள். அப்படியும் மனம் ஆறாமல் சனம் காப்புறுதிக்காரர்களைத் தேடி ஓடத் தொடங்கியது. மனிதருக்கே காப்புறுதி செய்தறியாத ஊரில் மாடுகளுக்குக் காப்புறுதி என்ற பேச்சு திடீரென்று சூடு பிடித்தது.

பால்குடி மறக்காத கிடாக்கன்றை விட்டால், இலட்சுமிப்பிள்ளையிடம் இருந்தவை இரண்டே உருப்படிகள். ஒன்று சுட்டி. மற்றது அதன் மகள், இன்னும் கன்று ஈனாத ஒரு நாகு. சுட்டியின் பாலை ஓட்டமாவடித் தயிர் வியாபாரி முத்தலிப் வந்து எடுத்துப் போவார். அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது, மகள் விதுர்ஷா பள்ளிக்கூடம் போனாள். புருசன் இராசதுரையைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. சுட்டி விழுந்தால் அந்த வீடும் விழும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் அவளும் காப்புறுதி விசாரிக்கக் கிளம்பினாள். ஆனால் அவள் விசாரித்த விதமே வேறு. ஊரில் எல்லாரும் "மாடு செத்தா என்ன தருவீங்க?" என்று கேட்டார்கள். அவள் போன இடமெல்லாம், "என்ன நடந்தா தரமாட்டீங்க?" என்று கேட்டாள். நடக்கவே நடக்காது என்று மற்றவர்கள் நினைத்ததெல்லாம் அவளுக்கு நடந்திருந்தது. வேறு எப்படிக் கேட்பாள்?

முதலில் போனது ஊர்ப் பால் சங்கத்துக்கு. செயலாளர் உதயரூபன் அடக்கமான பொடியன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"எங்கட நிதியில வயசு பாக்கிறல்லக்கா. நோய், பாம்பு, வெள்ளம் எல்லாத்துக்கும் குடுப்பம். மாட்டுட விலையில பாதிதான் வரும். ஒண்டு மட்டும் இருக்கு, செத்தா உடலக் காட்டணும். உடல் இல்லாட்டி ஒண்டும் செய்ய ஏலா."

இலட்சுமிப்பிள்ளை எழும்பிவிட்டாள். அந்த வசனத்தை அவள் முன்பே கேட்டிருந்தாள், எருமைக்காக அல்ல. கரைவலை இழுக்கப் போன இராசதுரை திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதே சொற்களை, இதேபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு சுனாமியில் காணாமல் போனவர்களுக்கென்று சட்டம் வந்து சான்றிதழும் கிடைத்தது. வசனம் மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"இனி ஒருத்தரும் என்னட்ட உடல் கேக்கப்படாது," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். என்ன பிழை விட்டோம் என்று உதயரூபனுக்கு விளங்கவேயில்லை. பாவம்.

இரண்டாவதாக, வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த கம்பனி. அதில் வந்த இளம்பெடியன் கழுத்துப்பட்டி கட்டி வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"கடல் வந்தா?" என்று கேட்டாள்.

"அது இயற்கை அனர்த்தம் அம்மா, சேராது."

"சண்டை வந்தா?"

"சேராது."

"காட்டுக்குள்ள துலைஞ்சா?"

"அதுவும் சேராது."

"மறுகா என்னத்துக்குத் தம்பி தருவீங்க?"

அவன் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "இடி விழுந்தா," என்றான்.

இலட்சுமிப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ர சுட்டிக்கு இடி ஒண்டுதான் இன்னும் விழல்ல தம்பி. அதுக்கும் இப்பவே ஆள் வந்திட்டுது," என்றாள். வண்டியைச் சுற்றி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெடியனும் சேர்ந்து சிரித்தான், அவனுக்கும் அது பிழைப்புத்தானே.

மூன்றாவது ஆள் நிலோஜன். இன்னொரு கம்பனியின் முகவர், பாசிக்குடாப் பக்கத்துப் பிள்ளை, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வருவான். அவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகத் தலையாட்டினான். கடல் வந்தாலும் தருவார்கள். களவு போனாலும், காட்டில் தொலைந்தாலும் தருவார்கள். உடல் கேட்க மாட்டார்கள். முழு விலையும் கிடைக்கும். இப்படியும் ஒரு கம்பனி உலகத்தில் இருக்கிறதா என்று அவள் வியந்தாள்.

"மாட்டுக்கு எட்டு வயசுக்குள்ள இருக்கணும் அக்கா. அது மட்டுந்தான்," என்றான் நிலோஜன். "வியாழக்கிழமை டொக்டரோட வாறன்."

சுட்டிக்குப் பன்னிரண்டு.

பால் எடுக்க வந்த முத்தலிப்பிடம் மனதைக் கொட்டினாள். அண்ணன் முறை வைத்து அவள் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற அவர், மாட்டுச் சந்தையில் பிறந்து வளர்ந்த மனிதர். கெட்டவர் இல்லை, சந்தைக்காரர்.

"இதுக்குப் போயா யோசிக்கிறாய் தங்கச்சி? அஞ்சு வயசு தாண்டினா எருமைக்குப் பல்லெல்லாம் ஒரே மாதிரித்தான். வயசக் காட்டிக் குடுக்கிறது கொம்பு. ஈத்துக்கு ஒரு வளையம். உடைஞ்ச போத்தல் ஓட்டால வளையத்தச் சுரண்டி, தேங்காண்ணெய் பூசிவிடு. கேட்டா, சுனாமிக்கு மறுகா பிறந்த மாடு எண்டு சொல்லு. முடிஞ்சிது."

"பாவமில்லியா காக்கா?"

"சந்தையில பாதிக் கொம்பு அப்பிடித்தான் நிக்குது," என்றார் முத்தலிப்.

புதன்கிழமை பின்னேரம், வேப்பமர நிழலில் அவள் உட்கார்ந்தாள். சுட்டி தானாகவே வந்து படுத்து, அந்தப் பெரிய தலையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தது. போத்தல் ஓட்டால் இடது கொம்பின் அடியிலிருந்து சுரண்டத் தொடங்கினாள். தலைக்குக் கிட்ட இருப்பது புது வளையம், நுனிப் பக்கம் போகப் போகப் பழையது. முதல் வளையம் இந்த வருசக் கன்றினுடையது. அது சுலபமாகப் போயிற்று. வெள்ளைத் தூள் அவளுடைய சீலையில் கொட்டியது.

அடுத்தது நாகு பிறந்த வளையம். அதில் போத்தல் துண்டை வைத்தபோது அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஊர் முழுதும் ஷெல்லுக்குப் பயந்து ஓடிய நேரம், வயிற்றுக் கன்றோடு நின்ற சுட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "எங்கயாவது போய்ப் பிழைச்சிக்க" என்று சொல்லிவிட்டு மகளோடு நடந்தாள். மாதங்கள் கழித்து, முகாமிலிருந்து திரும்பி வந்து கூரையில்லாத வீட்டின் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, காட்டுப் பக்கமிருந்து சுட்டி வந்தது, பின்னால் ஒரு குட்டிக் கன்றோடு. மிதிவெடி விதைத்த காடு அது. எந்த வழியாய் வந்தது, எப்படிக் கால் வைத்தது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அன்று அவள் தும்புத்தடியைப் போட்டுவிட்டு எருமையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனாலும் அந்த நாகு இப்போது கண்முன்னே நின்று வைக்கோல் தின்கிறது. அதற்கு எதற்கு வளையம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள்.

மூன்றாவது வளையத்தில் கை நின்றுவிட்டது.

அது சுனாமி வருசத்துக் கன்று. பிறந்து ஒரு மாதமும் ஆகாத கிடாக்கன்று. அன்று காலை பால் கறந்துவிட்டுச் செம்போடு எழும்பியபோது கடல் வளவுக்குள் நின்றது. விதுர்ஷாவை ஒரு கையால் அணைத்தது நினைவிருக்கிறது. மற்றக் கையில் சுட்டியின் வால் எப்படி வந்தது என்பது நினைவில்லை. தண்ணீர் அவர்களைப் பின்பக்கக் களப்பு ஏரியை நோக்கி அடித்துப் போனது. கொஞ்சத் தூரத்தில் கன்று கத்தியது. தண்ணீர் அதை வேறு பக்கமாக இழுத்தது.

சுட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

வாலில் தொங்குகிற இரண்டு உயிரையும் உதறிவிட்டு அது கன்றின் பக்கம் போயிருக்கலாம். ஊரில் ஒருவரும் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள், அது பெற்ற தாய். கன்று இன்னொருமுறை கத்தியது. சுட்டி தலையை நேரே வைத்து, மூசிக்கொண்டு, மேட்டை நோக்கி நீந்தியது. மேட்டில் ஏறிய பிறகுதான் கத்தத் தொடங்கியது. மூன்று நாள் தண்ணியும் குடிக்கவில்லை. ஏன் திரும்பிப் போகவில்லை, அதற்கு என்ன தெரிந்திருந்தது? ஆறு வருசமாக இலட்சுமிப்பிள்ளை இதை யோசிக்கிறாள். ஊர்ச்சனம் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதும் இதனால்தான்.

அந்தக் கன்று இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு இந்த வளையத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லை. இதையும் நானே அழிப்பதா என்று நினைத்தாள். கையிலிருந்த போத்தல் துண்டை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தாள். வலது கொம்பைத் தொடவேயில்லை.

வியாழக்கிழமை நிலோஜன் மாட்டு டொக்டரோடு வந்தான். டொக்டர் ஒரு பெண், கண்டிப்பான முகம். இடது கொம்பைத் தடவிப் பார்த்தார். சுற்றிப் போய் வலது கொம்பைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் இடப் பக்கம் வந்தார்.

"அம்மா, இந்தக் கொம்பு ஒரு வயசு சொல்லுது, அந்தக் கொம்பு வேற வயசு சொல்லுது. நான் எந்தக் கொம்ப நம்புற?"

விதுர்ஷாவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. நிலோஜன் நல்ல மனதோடு குறுக்கே வந்து, "சுனாமிக்குப் பிறகு பிறந்த மாடுதானே அக்கா?" என்று எடுத்துக் கொடுத்தான்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடல் வந்தாலும், காடு கொண்டாலும், நோய் வந்தாலும் வீடு நிற்கும். அவள் மகளைப் பார்த்தாள். மகள் சுட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி. இது சுனாமிக்குள்ள நீந்தின மாடு," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "டொக்டர், நீங்க வலது கொம்ப நம்புங்க. இடது கொம்பு நான் சொன்ன பொய்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் மூன்றாவது வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்டிப்பான முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வாழைச்சேனையில இந்த மாட்டப் பத்திக் கேள்விப்பட்டிருக்கன். சனம் சும்மா கட்டிவிட்ட கதை எண்டு நினைச்சன்," என்றார். பிறகு மெதுவாக, "ஆனா எட்டு வயசு எண்டு என்னால எழுத ஏலா அம்மா," என்றார்.

"எழுத வேணாம்," என்றாள் அவள்.

அன்று நாகுக்கு மட்டும் காதில் மஞ்சள் தகடு குத்தி, அந்தக் கம்பனியில் காப்புறுதி செய்தார்கள். நாகு கன்று ஈன இன்னும் காலம் இருந்தது. அதுவரை வீட்டைத் தாங்க வேண்டியது சுட்டி. சுட்டியின் காது வெறுமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை அவள் மறுபடியும் பால் சங்கத்துப் படியேறினாள். உதயரூபன் கண்டதும் எழும்பி நின்றுவிட்டான்.

"சுட்டிய உங்கட நிதியில சேர்க்கப் போறன் தம்பி. பாதி விலையெண்டாலும் காணும்."

"சேர்க்கலாமக்கா. வயசப் பத்திப் பிரச்சினையில்ல. ஆனா அந்த உடல்..." என்று தொடங்கியவன் வசனத்தை முடிக்கப் பயந்து நிறுத்தினான்.

"இருக்கும்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "இனி இத எந்தக் கடலுக்கும் காட்டுக்கும் நான் விட்டுக் குடுக்கமாட்டன். எப்ப செத்தாலும் அது என்ர மடியில தலைய வச்சித்தான் சாகும். ஆள் விட்டுச் சொல்லுவன், நீங்க வந்து பாருங்க. அவருக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கிடைக்கல்ல. இதுக்கு என்ர கையாலதான் மண்."

சொல்லி முடித்ததும் அவள் அழுதாள். சங்கத்துக்குப் பால் கொண்டுவந்த சனம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இராசதுரைக்காக நாலு பேருக்கு முன்னால் அவள் அழுதது அன்றைக்குத்தான்.