காது குத்துக்கு வந்த மாமன்

என் பேத்திக்குக் காது குத்துவதை என் மனைவி இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். குழந்தைக்குச் சளி என்று ஒரு தடவை, மாசம் சரியில்லை என்று ஒரு தடவை. உண்மைக் காரணம் எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும். கனடாவில் இருக்கிற எங்கள் மகன் வரவேண்டும். அவன்தான் குழந்தைக்குத் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கம் காது குத்துவது. பொங்கலுக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்பான், தீபாவளிக்குக் கூப்பிட்டால் டிக்கெட் விலை ஜாஸ்தி என்பான். இதற்கு என்ன சொல்லித் தப்பிப்பான்? "மடி வேணும்ல, வந்துதான் ஆவணும்" என்று அடுப்படியில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவன் போய் நாலைந்து வருஷம் ஆகிறது.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். கடலூர் சிதம்பரம் ரூட்டில் தொண்டை கிழியக் கத்தியே பாதி ஆயுசு போயிற்று. வீட்டிலும் அதே குரல்தான் வரும். "ஏண்டி, பேத்தி காத வெச்சி பொறி வெக்கிறியா? அவன் என்ன எலியா?" என்று கேட்டேன். "ஒங்களுக்கு என்னா தெரியும், சும்மா கெடங்க" என்றாள். சரி என்று சும்மா கிடந்தேன்.

அவளுக்கு எல்லாம் அந்த போன்தான். சாயங்காலம் ஆனதும், அங்கே விடிகிற நேரம் என்று மகன் பெயரைத் தேடி எடுப்பாள். அதன் கீழே ஆன்லைன் என்று வந்தால், "எழுந்திரிச்சிட்டான், பல்லு வெளக்குவான்" என்பாள். அது மறைந்துபோனால், "கெளம்பிட்டான், சாப்டானோ என்னவோ" என்பாள். நாலு எழுத்தைப் பார்த்தே பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, வேலைக்கு அனுப்பிவிடுவாள். அவன் இங்கே இருந்தபோதுகூட இவ்வளவு கவனித்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் மகளின் மாமியார் சிதம்பரத்திலிருந்து போன் செய்தார்கள். "பள்ளிக்கூடத்துல சேக்கப் போறோம். மூளிக் காதோடயா அனுப்புறது? ஒங்க புள்ள வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி, வர்ற வைகாசியில குத்திடுறோம்." அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

மகனைக் கூப்பிட்டோம். அங்கேயே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் போட்டிருக்கிறானாம். "அது கைக்கு வர்றதுக்குள்ள நாட்ட வுட்டு வெளிய வந்தா சிக்கல் ஆயிடும்பா. நான் வீடியோ கால்ல வந்துடறேன்" என்றான். என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப மடி?" அவன் முகம் திரையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நெட் நின்றதா, அவனே நின்றானா, தெரியவில்லை.

கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக இருக்கிறது மருமகன் வீட்டு அய்யனார் கோயில். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். யார் மடியில் உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. முறைக்கு ஒரு மாமன் இருக்கிறானே என்று என் தம்பி மகனைக் காட்டினார்கள். என் மனைவி குறுக்கே வந்தாள். "இன்னொருத்தன் மடி வேணாம். அவுங்க தாத்தாவே உக்காரட்டும். போனக் கையில வெச்சிக்கட்டும்." வெள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு நான் உட்கார்ந்தேன். என் மடியில் பேத்தி, என் கையில் மகன்.

அங்கே சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அவன் பேசுவது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. பத்தர் கம்பியை எடுத்ததும், "பாப்பா, மாமாவப் பாரு, மாமாவப் பாரு" என்று எல்லாரும் கத்தினார்கள். அது பார்த்தது. மாமனின் முகத்தை விரலால் தள்ளித் தள்ளி விட்டது. போன் என்றால் அதற்குப் பொம்மைப் படம்தான். முதல் காது குத்தியதும் வீல் என்று அலறியது பாருங்கள், வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. இன்னொரு காது பாக்கி இருந்தது. குழந்தை துள்ளித் துடித்தது, பத்தருக்குக் கை நிலைக்கவில்லை. சம்பந்தியம்மா என் கையிலிருந்த போனை வெடுக்கென்று வாங்கி, வீடியோ காலைக் கட் பண்ணிவிட்டு, பொம்மைப் படத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். குழந்தை கப்சிப். இரண்டாவது காதை அது உணர்ந்ததாகவே தெரியவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு டிக்கெட்டுக்காக ஊரையே கூட்டுகிற மாதிரி சண்டை போட்ட ஆள் நான், எனக்குக் கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, மனசு அப்படி இருந்தது. என் மனைவியைப் பார்த்தேன். அவள் இலையில் விழுந்த சந்தனத்தை வழித்துக்கொண்டிருந்தாள். பந்தியில் எனக்குப் பாயசம் வைத்தார்கள், குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போட்டோ எடுத்தவர் சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் என் மகளிடம், "ஒங்க அண்ணன் போட்டோ ஒண்ணு அனுப்புங்கக்கா, மாமன் மடியிலயே உக்கார வெச்சிடலாம். இப்பல்லாம் இது ஒரு வேலையே இல்ல" என்றாராம். கூடத்தில் மாட்டி வைக்க ஒரு படம் வேண்டாமா, மாமன் வீட்டு மானம் போகக்கூடாது என்று மகளும் அனுப்பிவிட்டாள். படம் வந்தது. அப்பப்பா, என்ன வேலை! என் சட்டை, என் வேட்டி, மேலே என் மகனின் முகம். என் தொப்பையைக்கூட எடுத்துவிட்டிருந்தார். கண்ணில் தண்ணீரோடு பேத்தி நிமிர்ந்து மாமனைப் பார்க்கிறது. பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது. என்னைக் காணோமே என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மகளுக்கு அதைக் கூடத்தில் மாட்டுவதோடு சரி. மகன்தான் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான், 'மருமகள் காது குத்து' என்று எழுதி, மூன்று பூவும் போட்டு. ஆசையில் வைத்தான், பாவம். பிடித்தது சனி. வெளிநாட்டுக்குப் போனவன் ஊருக்கு வந்தால் பெரியவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்த் தலைகாட்ட வேண்டும். இவன் ஒரு வீட்டுக்கும் போகவில்லை அல்லவா? மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் சித்தப்பா போன் போட்டு, "ஊருக்கு வந்துட்டு எட்டிப் பாக்காமப் போயிட்டானே, அவ்ளோ பெரிய ஆளாயிட்டானா?" என்றார். அது ஒட்டு வேலை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர் நம்பினாரா என்பதும் சந்தேகம்தான். "படத்துலதான் இருக்கானே, எங்கிட்டயே மறைக்கிறியா?" என்று வைத்துவிட்டார்.

மகனிடம் சொன்னேன். சிரித்தான். "நல்லதுதானப்பா, எல்லாரும் நான் வந்துட்டதாவே நெனைக்கட்டும்" என்றான். பிறகு மெதுவாக, "தை மாசம் வரலாம்னு இருந்தேன். இப்ப விசேஷமும் முடிஞ்சி போச்சி. பேப்பர் வரட்டும், அப்புறம் பாப்போம்" என்றான். என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுவிட்டு எழுந்து போய் விளக்கு ஏற்றினாள்.

மறுநாள் குறிஞ்சிப்பாடியில் இருக்கிற அவளுடைய அக்கா கூப்பிட்டார்கள். மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்ததால் விசேஷத்துக்கு அவர்களால் வர முடியவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. "ஏண்டி, புள்ள வந்துட்டுப் போயிருக்கான், பெரியம்மாவப் பாக்கணும்னு தோணலியா அவனுக்கு?" குரலில் அழுகை இருந்தது. இந்தத் தடவை இவளே விளக்கிச் சொல்லட்டும் என்று நான் நியூஸ் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளுதான்க்கா லீவு" என்றாள் என் மனைவி.

நான் பேப்பரைத் தாழ்த்தினேன்.

"எளச்சிட்டானாடி?"

"ஆமாக்கா, கழுத்தெலும்பு தெரியுது. வந்த அன்னிக்கு சங்கரா மீன் கொழம்பு வெச்சேன். போதும் போதும்னுட்டே ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டான். ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மவராசனா இருக்கட்டும். ஏர்போர்ட்டுக்கு யாரு கூடப் போனது?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. "அவுங்க அப்பாதான்" என்று சொல்லிவிட்டு, போனை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க அண்ணி" என்றேன். "நான்தான் போயி ஏத்தி வுட்டுட்டு வந்தேன்."