ரோஸ் கலர் அப்பா

பெயிண்ட் கடையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் ஷேடக்கா. உதிர்ந்த காரையோ சட்டைப் பொத்தானோ, எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதே நிறத்தை மெஷினில் கலக்கிக் கொடுத்துவிடுவாள். ஒரு சொட்டுக் கறுப்பு கூடிப்போனால் மொத்த டப்பாவையும் ஒதுக்கிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். கடையில் மட்டுமல்ல, எதிலும் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். ஒரே வீட்டில் அவளோடு குப்பை கொட்டும் தங்கை சொல்கிறேன், நம்பலாம்.

அப்பா வேறு ஊரில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகும் எங்களோடு வர மாட்டேன் என்றுவிட்டார். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும் அக்கா யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் கூடத்து அலமாரியில் ஒரு கேமராவை வைத்துவிட்டு வந்தாள். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன், முகம் பார்த்துப் பேச முடியாது. கடையில் கூட்டம் குறையும் போதெல்லாம் கேமராவில்தான் அப்பாவைப் பார்ப்பாள்.

திடீரென்று ஒருநாள் படம் முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. சுவர் ரோஸ், ஜன்னலோரச் செடி ஊதா, அப்பா புதுமாப்பிள்ளை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே அவருக்குப் போன் போட்டு, "என்னப்பா, கேமராவுல ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கீங்க!" என்று கலாட்டா செய்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"ஆள் தெரியுதுல்ல, விடேன்" என்றேன்.

"அவரு மூஞ்சி எந்தக் கலர்ல இருக்குன்னு தெரியாம நான் என்னத்தப் பாக்குறது?"

கேமராவை விற்றவரிடம் கேட்டாள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமாம். பகலில் அது லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், இருட்டினால் விலகிக்கொள்ள வேண்டும். விலகிய இடத்திலேயே சிக்கிக்கொண்டால் பகலெல்லாம் இப்படித்தான் தெரியும் என்றார். "பேசாம புதுசு வாங்கிடுங்க மேடம்."

"சிக்குனத எடுத்துட்டா போச்சு. அதுக்கு எதுக்குப் புதுசு?" என்று கிளம்பி வந்துவிட்டாள்.

வேலை பெரிதல்ல. இவள் இங்கிருந்து போனில் இரவு, பகல் என்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அப்பா அங்கே கேமராவை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். ஆனால் மகள் விடாக்கண்டன் என்றால் அப்பா கொடாக்கண்டன். ஒருநாள் தலைவலி என்றார். ஒருநாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்றார். இன்னொரு நாள், "கரண்ட் இல்லம்மா" என்றார். கேமராவில் அவர் தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஃபேன் சுத்துது."

"அப்படியா? இப்பத்தான் வந்துச்சு போல."

வயதானவருக்குச் சோம்பல் என்று நான் நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டு, "இன்னிக்கு நீங்க எந்திரிச்சு வந்து தட்டுற வரைக்கும் நான் போன வைக்கப் போறதில்ல" என்றாள். சொன்னபடியே செய்தாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டபடி எழுந்து வந்தார்.

"மெதுவாப்பா. கேமராவத் தட்டச் சொன்னா கதவத் தட்டுறீங்க."

இவள் அழுத்த, அவர் தட்ட, மறுபடி அழுத்த, மறுபடி தட்ட, எனக்கே அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை. ஒரு தட்டில் உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்டது. ரோஸ் சட்டென்று வடிந்தது. செடி பச்சையானது, சுவர் வெள்ளையானது. நான் கைதட்டினேன்.

அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அக்கா முகத்தைச் சுளித்தாள். "இன்னும் மஞ்ச அடிக்குதே" என்று செட்டிங்ஸுக்குள் போனாள். எதையோ கூட்டினாள், குறைத்தாள், பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள்.

"அப்பா, தோள்ல கிடக்குற துண்ட எடுத்துக் கன்னத்துக்கிட்ட வைங்க."

"எதுக்கும்மா?"

"வைங்க."

வைத்தார். துண்டு சுத்த வெள்ளை. அதன் பக்கத்தில் அவர் கன்னம், நெற்றி, கண்ணின் வெள்ளை கூட, எல்லாம் மஞ்சள்.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "எத்தன நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான். சாப்பாடு பிடிக்கல, அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

அப்பா துண்டை மடியில் வைத்து மடித்தார். "சின்னவ பாத்துட்டு, பளபளன்னு இருக்கீங்கன்னு அப்படிச் சிரிச்சாம்மா. நீங்க அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்தா இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே போய் இரண்டு பேருக்கும் துணிகளைப் பையில் திணித்தேன். அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. படத்தில் அப்பா மெல்ல எழுந்து கேமராவுக்கு மறைவாக நகரப் பார்த்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள். "நாங்க கிளம்பிட்டோம். வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் என் கண்ணு முன்னாடியே இருங்க."

"சரிம்மா."

பஸ்ஸில் வழிநெடுக அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பாவும் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.